இரண்டாவது மொழி

முதல் மொழியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அது பாடத்திட்டத்தோடு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைக்கு சி++, பிளஸ் டூவில் பைத்தான், கல்லூரிக்குப் போனதும் பெரும்பாலும் ஜாவா. வேலைக்குச் சேர்ந்த பின் அந்த அலுவலகத்தில் எது ஓடுகிறதோ அது. இப்படி மூன்று நான்கு மொழிகள் பயோடேட்டாவில் ஏறிவிட்ட பிறகும், பலர் உண்மையில் ஒரே ஒரு மொழியைத்தான் கற்றிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எழுதும் விதம் மாறியிருக்கும். ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று மனதில் பதிந்த படம் மாறியிருக்காது. ஜாவா நன்றாகத் தெரிந்தவருக்கு சி ஷார்ப் சில வாரங்களில் கைவந்துவிடும். அத்தனை சீக்கிரம் பழகிவிடுகிறது என்றால், அங்கே புதிதாகக் கற்க அதிகம் இல்லை என்று அர்த்தம்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் ‘இரண்டாவது மொழி’ என்று நான் சொல்வது, யாரும் சொல்லாமல் நாமே தேடிப்போய்க் கற்கும் பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட்-ஓரியன்டட்) மொழியை. “எதற்கு மார்க்கெட் இருக்கிறது?” என்று கேட்பது நியாயமான கேள்விதான். வேலை மாறுவதற்காகக் கற்பவர் அதை மட்டும் கேட்டால் போதும். ஒரு மாத வேலை விளம்பரங்களைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். நிரல் எழுதும் தன் யோசனையே விரிய வேண்டும் என்று கற்பவருக்கு அளவுகோல் வேறு. தெரிந்த மொழியிலிருந்து புது மொழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. அந்தத் தூரத்தை எதைக்கொண்டு அளப்பது என்று தெரிய, 1960களின் நார்வேக்குப் போய்வர வேண்டும்.

ஆஸ்லோவில் இருந்த நார்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நைகார்ட், ஓலே-யோஹான் டால் என்ற இருவர் சிமுலேஷனுக்காக ஒரு மொழி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நிஜத்தில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பது அவர்கள் நோக்கம்: தொழிற்சாலையில் வேலை எங்கே தேங்குகிறது, வரிசை எப்போது நீள்கிறது என்பது போன்றவை. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, பாலத்தின் முகப்பில் ஒரு சுங்கச்சாவடி. வரிசையில் லாரிகளும் பஸ்களும் நிற்கின்றன. லாரிக்குச் சரக்கு உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் உண்டு. இரண்டின் விவரங்களும் வேறு. ஆனால் வரிசையில் நிற்கிற வரைக்கும் இரண்டும் வெறும் வாகனம்தான். முன்னே யார், பின்னே யார் என்பது மட்டுமே அங்கே கணக்கு. இந்தப் பொதுப் பகுதியை லாரிக்கு ஒரு முறை, பஸ்ஸுக்கு ஒரு முறை என்று எழுதிக்கொண்டிருக்காமல், ‘வாகனம்’ என்று ஒரு முறை எழுதி, அதை முன்னொட்டாக வைத்து லாரியையும் பஸ்ஸையும் அதிலிருந்து கிளைக்கவிட்டால் என்ன? டோனி ஹோர் அந்தச் சமயத்தில் முன்வைத்திருந்த ‘ரெக்கார்டு கிளாஸ்’ யோசனையும் அவர்களை அந்தத் திசையில் தள்ளியது. 1967இல் சிமுலா 67 வந்தபோது கிளாஸ், ஆப்ஜெக்ட், சப்கிளாஸ், கிளைக் கிளாஸ் மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய விர்ச்சுவல் செயல்கள் எல்லாமே அதில் இருந்தன. இன்று கல்லூரிப் பாடத்தில் ‘ஊப்ஸ்’ என்று படிப்பதில் பாதிக்கு மேல் அந்தச் சுங்கச்சாவடி வரிசையில் பிறந்ததுதான்.

இந்தக் கொடிவழி நமக்குப் பழக்கமானது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வுக்காக சிமுலாவில் எழுதிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப், அதன் ஒழுங்கில் மயங்கினார், அதன் வேகத்தில் ஏமாந்தார். 1979இல் பெல் ஆய்வகத்தில் சி மொழிக்கு கிளாஸ் சேர்க்கத் தொடங்கினார். 1983இல் அதற்கு சி++ என்று பெயர் வந்தது. 1995இல் ஜாவா, அடுத்து சி ஷார்ப். இந்தக் குடும்பத்தில் கிளாஸ் என்பது உலகத்தை வகை பிரிக்கும் சட்டம். எது எந்த வகை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மாறாக எதுவும் நடக்காதபடி கம்பைலர் காவல் நிற்கும்.

அதே சிமுலாவிலிருந்து இன்னொரு கொடியும் கிளைத்தது. 1966இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்த ஆலன் கேயிடம் ஒரு காந்த நாடாவும் ஒரு கட்டுக் காகிதமும் கொடுக்கப்பட்டன. யூனிவேக் 1108 கணினிக்கான அல்கால் மொழி அது, ஓடமாட்டேன் என்கிறது, ஓட வையுங்கள் என்பது உத்தரவு. கூடவே இருந்த விளக்கக் குறிப்புகளின் ஆங்கிலமோ புரிபடவில்லை. கேயும் இன்னொரு மாணவரும் நிரலின் அச்சுப் பிரதியை நடைக்கூடத்தில் 80 அடி நீளத்துக்கு விரித்துப் போட்டார்கள். அதன் மேல் தவழ்ந்தபடியே படித்து, கண்டுபிடித்ததை ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களை மிகவும் குழப்பியது நினைவகத்தை ஒதுக்கும் பகுதி. அல்காலில் ஒரு செயல்முறை முடிந்தால் அதன் மாறிகளும் அதோடு போய்விடும். இங்கே அப்படி இல்லை. உருவாக்கிய செயல்முறை முடிந்த பின்னும் உருவான ஒன்று உயிரோடு இருந்தது, தன் விவரங்களைத் தானே வைத்துக்கொண்டிருந்தது. படித்துக்கொண்டே போனபோதுதான் தெரிந்தது, அது அல்கால் இல்லை, சிமுலா 67க்கு முந்தைய சிமுலா.

கே இளங்கலையில் கணிதமும் மூலக்கூறு உயிரியலும் படித்தவர். ஸ்ட்ரூஸ்ட்ரூப்பின் கண்ணில் பின்னாளில் பட்டது வகைப்பாட்டின் ஒழுங்கு என்றால், கேயின் கண்ணில் பட்டது உயிரணு. தனக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே காட்டாமல், சுவருக்கு வெளியிலிருந்து வரும் செய்திக்கு மட்டும் பதில் தரும் சின்னச் சின்ன அணுக்கள். கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஓர் உடல். ஆப்ஜெக்ட்டை விட, ஆப்ஜெக்ட்டுகளுக்கு நடுவே போய்வரும் செய்திதான் முக்கியம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில், உலகிலேயே வலிமையான மொழியை ஒரே பக்கத்தில் எழுதிக் காட்ட முடியும் என்று சக ஊழியர்களிடம் பந்தயம் பேசினார். எழுதியும் காட்டினார். 1972இல் டான் இங்கல்ஸ் அதை பேசிக் மொழியில் செய்து ஓடவிட்டார். அதுதான் ஸ்மால்டாக். அடெல் கோல்ட்பெர்கும் மற்றவர்களும் சேர்ந்து வளர்த்து, அது ஸ்மால்டாக்-80 என்று வெளியுலகுக்கு வந்தது.

ஒரே மூலம், இரண்டு வாசிப்பு. ஒரு பக்கம் வகை, இன்னொரு பக்கம் செய்தி. நான் சொல்லும் தூரம் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது. ஜாவாவிலிருந்து சி ஷார்ப்புக்குப் போவது ஒரே தெருவில் வீடு மாறுவது மாதிரி. ஜாவாவிலிருந்து ஸ்மால்டாக்குக்குப் போகும்போதுதான் ஊர் மாறுகிறது.

எப்படி மாறுகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்துவிடுவோம். ஸ்மால்டாக்கில் 3 + 4 * 2 என்று எழுதி ஓடவிடுங்கள். விடை 14. பள்ளியில் படித்தபடி பெருக்கலை முதலில் செய்தால் 11 வர வேண்டும். இங்கே ஏன் 14? ஸ்மால்டாக்கில் 3 என்பது ஓர் ஆப்ஜெக்ட். + என்பது அதற்கு அனுப்பப்படும் செய்தியின் பெயர். 4 அந்தச் செய்தியோடு போகும் தகவல். 3 அதை வாங்கிக்கொண்டு 7 என்ற ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தருகிறது. அந்த 7க்கு * என்ற அடுத்த செய்தி போகிறது, கூடவே 2. விடை 14. பெருக்கல் பெரியது, கூட்டல் சின்னது என்று மொழிக்குத் தெரியாது; அதற்குத் தெரிந்தது செய்திகள் மட்டும், அவை இடமிருந்து வலமாகப் போகும். முதல் பார்வையில் இது ஒரு குறை மாதிரி தோன்றும். எண்ணுக்குக்கூட தனிச் சலுகை கிடையாது என்ற கொள்கையை விடாப்பிடியாகக் காப்பாற்றியதன் விலை இது. எனக்கு அந்த விடாப்பிடியில் பெரிய மரியாதை உண்டு.

இன்னும் ஒரு படி போவோம். ‘இப்படியென்றால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்’ என்ற ‘இஃப்’ பெரும்பாலான மொழிகளில் இலக்கணத்தின் பகுதி. ஸ்மால்டாக்கின் இலக்கணத்தில் இஃப் கிடையாது. ‘ட்ரூ’ ஓர் ஆப்ஜெக்ட், ‘ஃபால்ஸ்’ இன்னோர் ஆப்ஜெக்ட்; இரண்டும் தனித்தனி கிளாஸைச் சேர்ந்தவை. ஓர் ஒப்பீட்டின் முடிவாக இவற்றில் ஒன்று வருகிறது. அதனிடம் இரண்டு நிரல் துண்டுகளைக் கொடுத்து ‘இஃப்ட்ரூ-இஃப்ஃபால்ஸ்’ என்ற செய்தியை அனுப்புகிறோம். ட்ரூவின் கிளாஸில் அந்த மெத்தட் ஒரே வரி: முதல் துண்டை ஓட்டு. ஃபால்ஸின் கிளாஸிலும் ஒரே வரி: இரண்டாவது துண்டை ஓட்டு. யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. எது வந்திருக்கிறதோ அதற்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். (வேகத்துக்காகக் கம்பைலர் உள்ளே குறுக்கு வழி வைத்திருக்கிறது, ஆனால் அந்த மெத்தட்டுகளைத் திறந்து பார்த்தால் இப்படித்தான் எழுதியிருக்கும்.)

பல வருடம் ஜாவா எழுதியவர் இதைப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. பாலிமார்ஃபிஸம் என்பதை நாம் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். வட்டம், சதுரம், முக்கோணம் என்று மூன்று கிளாஸ் எழுதி, எல்லாவற்றுக்கும் ‘வரை’ என்று ஒரு மெத்தட் வைத்திருக்கிறோம். அதே கருத்தைக்கொண்டு முடிவெடுத்தல் என்ற அடிப்படைச் செயலையே கட்டிவிட முடியும் என்பது அந்தப் பாடத்தில் தெரிவதில்லை. ஸ்மால்டாக்கில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு சொந்த நிரலில் நீண்டு கிடக்கும் இஃப்-எல்ஸ் வரிசை வேறு மாதிரி கண்ணில் படத் தொடங்கும்.

செய்திக்கும் ஜாவாவின் மெத்தட் அழைப்புக்கும் இன்னொரு வேறுபாடு, புரியாத செய்தி வந்தால் என்ன ஆகும் என்பது. ஜாவாவில் அப்படி ஒரு மெத்தட் இல்லையென்றால் நிரலே கம்பைல் ஆகாது. ஸ்மால்டாக்கில் செய்தி போகத்தான் செய்யும். வாங்கிய ஆப்ஜெக்ட்டுக்குப் புரியவில்லையென்றால், ‘புரியவில்லை’ என்ற இன்னொரு செய்தி அதற்கே திரும்ப வரும். அதற்கு என்ன பதில் என்பதையும் அந்த ஆப்ஜெக்ட்டே முடிவு செய்துகொள்ளலாம். வந்ததை வேறொரு கணினிக்கு அனுப்பலாம், பதிவேட்டில் குறிக்கலாம், பெயரைப் பிரித்துப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கலாம். யுகிஹிரோ மாட்ஸுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி மொழி இந்த வசதியை அப்படியே எடுத்துக்கொண்டது. 2004இல் வந்த ரெயில்ஸ் என்ற ரூபி வெப் ஃபிரேம்வொர்க் அதன் மேல்தான் தன் வித்தைகளில் சிலவற்றைக் கட்டியது: யாருமே எழுதி வைக்காத ‘பெயரைக்கொண்டு தேடு’, ‘ஊரைக்கொண்டு தேடு’ போன்ற மெத்தட்டுகளைக் கூப்பிட்டால், அந்தப் பெயரையே பிரித்துப் படித்து டேட்டாபேஸில் தேடிக் கொடுத்தது.

இன்று ஸ்மால்டாக் கற்க விரும்பினால் ஃபாரோ என்ற இலவசப் பதிப்பு இருக்கிறது. வேலைக்கு ஆகுமா என்று கேட்டால், ஸ்மால்டாக்குக்கான வேலைகள் மிகக் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேலைக்கும் ஆக வேண்டும், செய்தி என்ற கருத்தும் பிடிபட வேண்டும் என்பவருக்கு ரூபி நல்ல சமரசம். ஆனாலும் சில வாரங்கள் ஃபாரோவில் இருந்துவிட்டு ரூபிக்குப் போவதே சிறப்பு. ஃபாரோவில் நிரல் ஃபைல்களில் கிடப்பதில்லை; ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட்டுகளின் உலகம் ஒன்று திறந்திருக்கும், அதற்குள் உட்கார்ந்தே எழுதுவோம். இல்லாத மெத்தட்டைக் கூப்பிட்டால் டீபக்கர் திறக்கும். அதிலேயே அந்த மெத்தட்டை எழுதி, ‘தொடரு’ என்றால் நின்ற இடத்திலிருந்து நிரல் தொடர்ந்து ஓடும். இதை ஒரு தடவையாவது கையால் செய்து பார்க்க வேண்டும்.

இந்தத் தூரத்துக்குக் கணக்காகவும் ஒரு சாட்சி உண்டு. 1994இல் எரிக் காமா உள்ளிட்ட நால்வர் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் 23 வடிவங்களைத் தொகுத்துக் கொடுத்தது. இன்றும் இன்டர்வியூவில் கேட்கிறார்கள். 1996இல் பீட்டர் நார்விக் அவற்றை எடுத்துக்கொண்டு, லிஸ்ப், டைலன் போன்ற நெகிழ்வான மொழிகளில் இவற்றில் 16 வடிவங்கள் ஒன்று மிக எளிதாகிவிடுகின்றன, அல்லது கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகின்றன என்று காட்டினார். பொருள்நோக்கு வடிவமைப்பின் விதி என்று நாம் மனப்பாடம் செய்ததில் ஒரு பெரும் பகுதி, அப்போது கையில் இருந்த மொழியின் போதாமைக்குப் போட்ட ஒட்டுத்தான் என்பது வேறொரு மொழிக்குப் போனால்தான் தெரிகிறது.

இதுவரை சொன்னது ஜாவா, சி++ பக்கமிருந்து வருபவருக்கு. பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ வளர்ந்தவருக்கு ஸ்மால்டாக் அவ்வளவு தூரம் இல்லை. பைத்தானிலும் எண் ஓர் ஆப்ஜெக்ட்தான். ஜாவாஸ்கிரிப்ட், செல்ஃப் என்ற மொழியிடமிருந்து ஆப்ஜெக்ட்டைப் பெற்றது. கிளாஸே வேண்டாம், ஓர் ஆப்ஜெக்ட்டை முன்மாதிரியாக வைத்து இன்னொன்றை உருவாக்கு என்ற செல்ஃபின் கொள்கை ஸ்மால்டாக் குடும்பத்தைச் சேர்ந்தது. (செல்ஃபை வேகமாக ஓட்டக் கண்டுபிடித்த உத்திகள் பிறகு ஜாவாவின் ஹாட்ஸ்பாட்டுக்கும் குரோமின் வி8க்கும் போய்ச் சேர்ந்தன. அந்த மூன்றிலும் வேலை செய்தவர் லார்ஸ் பாக்.) பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் பக்கமிருந்து வருபவர்கள் எதிர்த்திசையில் போக வேண்டும், அதாவது கண்டிப்பான டைப் உள்ள மொழிக்கு. அதிலும் கண்டிப்பு எதற்காக என்பதை நன்றாக யோசித்துச் செய்த மொழிக்கு. கோட்லினைச் சொல்வேன்.

காரணத்தை ஒரு பழைய தவறிலிருந்து தொடங்கலாம். முன்பு ரெக்கார்டு கிளாஸ் யோசனைக்காகச் சொன்ன அதே டோனி ஹோர்தான், 1965இல் அல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது ‘நல்’ என்பதையும் சேர்த்தார். எந்த ஆப்ஜெக்ட்டையும் சுட்டாத வெற்றுச் சுட்டி. சேர்ப்பது சுலபமாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும், அது நூறு கோடி டாலர் தவறு என்றும் 2009இல் அவரே மேடையில் சொன்னார். பைத்தான்காரருக்கு அது ‘நன்’. ஒரு ஃபங்ஷன் வழக்கமாக வாடிக்கையாளரைத் தரும். கிடைக்காதபோது நன் தரும். எழுதியவருக்கு அது தெரியும், ஆறு மாதம் கழித்துக் கூப்பிடுபவருக்குத் தெரியாது. நள்ளிரவில் சர்வரில் விழும் பிழைகளில் எத்தனையோ இந்த வகை. கோட்லினில் ‘ஸ்ட்ரிங்’ ஒரு டைப், கேள்விக்குறி போட்ட ‘ஸ்ட்ரிங்?’ வேறொரு டைப். முதலாவதில் நல் வரவே முடியாது. இரண்டாவதில் வரலாம், வந்தால் என்ன செய்வது என்று எழுதாமல் அதைத் தொட்டால் நிரல் கம்பைல் ஆகாது. சுவிஃப்டிலும் இதே ஏற்பாடு உண்டு. டைப் என்றால் கூடுதல் தட்டச்சு வேலை என்று நினைத்திருந்தவர், அது ஒரு கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டுவைக்கும் கருவி என்பதை இங்கே ஒரே வாரத்தில் உணர்வார்.

கோட்லினில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதில் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைக் கிளைக்கவிட, மூலக் கிளாஸை எழுதியவர் ‘ஓப்பன்’ என்று அனுமதி கொடுத்திருக்க வேண்டும். சும்மா விட்டால் அது மூடியே இருக்கும். ஜாவாவில் நேர்மாறு. இந்த மாற்றத்துக்குப் பின்னால் கசப்பான அனுபவம் இருக்கிறது. ஜோஷுவா பிளாக் 2001இல் எழுதிய ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் ஓர் உதாரணம் வரும். ஜாவாவின் ஹேஷ்செட்டிலிருந்து ஒரு கிளாஸைக் கிளைக்கவிட்டு, இதுவரை எத்தனை உருப்படி சேர்க்கப்பட்டது என்று எண்ணச் சொல்கிறோம். ஒவ்வொன்றாகச் சேர்க்கும் மெத்தட்டில் எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிறோம். மொத்தமாகச் சேர்க்கும் மெத்தட்டில் வந்த எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். சரியாகத்தான் இருக்கிறது. மூன்று உருப்படிகளை மொத்தமாகச் சேர்த்துவிட்டு எண்ணிக்கையைக் கேட்டால் 6 என்கிறது. ஏனென்றால் ஹேஷ்செட்டுக்குள் மொத்தமாகச் சேர்க்கும் மெத்தட், ஒவ்வொன்றாகச் சேர்க்கும் மெத்தட்டையே மூன்று முறை கூப்பிடுகிறது. கூப்பிடப்படுவது நாம் மாற்றி எழுதிய மெத்தட். இரண்டு பக்கத்து நிரலிலும் தனித்தனியே பிழை இல்லை. மூலக் கிளாஸ் தனக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற ரகசியம், இப்படிக் கிளைக்கவிடும் மரபுரிமை வழியாக வெளியே கசிந்துவிட்டது, அவ்வளவுதான். நாளை அந்த உள் ஏற்பாட்டை மாற்றினால் நம் கிளாஸ் இன்னொரு விதமாக உடையும்.

இந்த வழியில் கடைசிவரை போனவை கோ, ரஸ்ட் என்ற இரண்டும். 2009இல் வெளிவந்த கோவில் கிளாஸும் இல்லை, மரபுரிமையும் இல்லை. ஓர் இன்டர்ஃபேஸ் கேட்கும் மெத்தட்டுகள் உங்களிடம் இருந்தால் போதும், நான் அந்த இன்டர்ஃபேஸைச் சேர்ந்தவன் என்று எங்கும் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. 2015இல் 1.0 பதிப்புக்கு வந்த ரஸ்ட்டில் டேட்டா ஓர் இடத்தில், அது என்னென்ன செய்யும் என்பதைச் சொல்லும் ‘டிரெய்ட்’ வேறோர் இடத்தில். இவை பொருள்நோக்கு மொழிகளா என்ற வாதம் ஓயவில்லை. கற்பவருக்கு அந்த வாதத்தில் லாபமில்லை. மரபுரிமை என்ற தூணை எடுத்துவிட்ட பிறகும் கட்டடம் நிற்கிறது என்பதை நேரில் பார்ப்பதுதான் லாபம். சி++ பழகியவர் ஸ்மால்டாக்குக்குப் போக மனமில்லாவிட்டால் ரஸ்ட்டுக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் அதிர்ச்சி வேறு வகை. நினைவகத்துக்கு யார் உரிமையாளர் என்று கம்பைலர் விடாமல் கேட்கும்.

அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: 1980களின் நடுவில் பெர்ட்ராண்ட் மேயர் உருவாக்கிய ஐஃபெல். அதில் ஒவ்வொரு மெத்தட்டும் ஒப்பந்தத்தோடு வரும். கூப்பிடுபவர் எதைச் சரியாக வைத்திருக்க வேண்டும், முடியும்போது நான் எதற்கு உத்தரவாதம் தருகிறேன், இந்த ஆப்ஜெக்ட்டைப் பொறுத்தவரை எப்போதும் மாறாமல் இருப்பது எது என்று மூன்று பகுதி. எழுதியதோடு நில்லாமல் நிரல் ஓடும்போது சோதிக்கவும்படும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. ஏரியான் 4இலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்திய நிரலில், 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கும் இடத்தில் எண் கொள்ளவில்லை. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர வாய்ப்பில்லை என்ற நிபந்தனை, நிரலுக்குள் ஒப்பந்தமாக எழுதப்படவில்லை. அப்படி எழுதியிருந்தால் பிழை முன்பே பிடிபட்டிருக்கும் என்று மேயரும் அவருடைய இணை ஆசிரியர் ஜெசெகெலும் 1997இல் எழுதினார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு. ஒப்பந்தம் எழுதுவதால் மட்டும் யாரும் அதைச் சோதித்துவிட மாட்டார்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மறுப்பில் நியாயம் இருந்தாலும், ஒரு மாதம் ஐஃபெலில் எழுதிய கை அதற்குப் பிறகு எந்த மொழியில் மெத்தட் எழுதினாலும் நிபந்தனைகளை யோசித்துவிட்டே எழுதும்.

மொழியைத் தேர்ந்த பின் எதை எழுதிப் பழகுவது? டூடோரியலில் வரும் நாயும் பூனையும் கத்துவதை எழுதினால் எந்த மொழியும் ஒன்று போலவே இருக்கும். நான் மின் கட்டணத்தைச் சொல்வேன். வீட்டு இணைப்பு, கடை இணைப்பு, விவசாய இணைப்பு என்று மூன்று வகை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக ஏறும் கட்டணம். கடைக்கு வேறு கணக்கு. விவசாயத்துக்குக் கட்டணமே இல்லை. முதலில் கட்டணத்தைக் கணக்கிடும் நிரலை எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு மாற்றங்களைச் செய்து பாருங்கள். முதல் மாற்றம்: விசைத்தறி இணைப்பு என்று நான்காவது வகை. இரண்டாவது மாற்றம்: கட்டணம் தவிர, ஒவ்வொரு வகைக்கும் ஆண்டறிக்கை தயாரிக்கும் புதுச் செயல். வகைக்கு ஒரு கிளாஸ் என்று ஜாவா முறையில் எழுதியிருந்தால் முதல் மாற்றம் சுகமாக முடிந்துவிடும். ஒரு புது கிளாஸ், மற்ற எதையும் தொட வேண்டாம். இரண்டாவது மாற்றத்துக்கு எல்லா கிளாஸையும் திறந்து எழுத வேண்டும். கிளாஸ் வைக்காமல், செயலுக்கு ஒரு ஃபங்ஷன், உள்ளே வகையைப் பார்த்துப் பிரியும் சுவிட்ச் என்று எழுதியிருந்தால் கஷ்டமும் சுகமும் இடம் மாறிவிடும். வகையும் செயலும் இரண்டுமே கூடிக்கொண்டு போகும்போது, இருக்கும் நிரலைத் தொடாமல், டைப் பாதுகாப்பையும் இழக்காமல் எப்படி எழுதுவது என்ற இந்தச் சிக்கலுக்கு ‘எக்ஸ்பிரஷன் பிராப்ளம்’ என்று 1998இல் பிலிப் வாட்லர் பெயர் வைத்தார்.

ஒரு மொழியின் குணம் இந்த இடத்தில் வெளிப்படும். ரூபியிலும் ஸ்மால்டாக்கிலும் ஏற்கெனவே உள்ள கிளாஸை வெளியிலிருந்தே திறந்து ஆண்டறிக்கை மெத்தட்டைச் சேர்த்துவிடலாம். சுலபம், ஆனால் விசைத்தறிக்குச் சேர்க்க மறந்தால் ஓடும்போதுதான் தெரியும். ரஸ்ட்டில் ஆண்டறிக்கை என்று ஒரு புது டிரெய்ட் எழுதி, பழைய வகைகளுக்கு அதைத் தனியே பொருத்தலாம். தேவைப்படும் இடத்தில் விட்டுப்போயிருந்தால் கம்பைலரே பிடித்துவிடும். கோட்லினில் வகைகளை ‘சீல்டு’ என்று அறிவித்து, செயலை வெளியே ‘வென்’ கொண்டு எழுதலாம். ஒரு வகை விடுபட்டாலும் நிரல் கம்பைல் ஆகாது. ஜாவாவுக்கே இது இப்போது வந்துவிட்டது: சீல்டு கிளாஸ் 2021இல் ஜாவா 17இலும், அதைப் புரிந்துகொள்ளும் சுவிட்ச் 2023இல் ஜாவா 21இலும் முழுமை பெற்றன. இந்த ஒரே பயிற்சியை இரண்டு மொழியில் செய்தவர், மொழிகளை ஒப்பிடும் பல நூறு பக்கங்களைப் படித்தவரைவிட அதிகம் தெரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

ஒரு மொழியில் எவ்வளவு நாள் இருப்பது என்பதற்கும் இதே பயிற்சி கணக்குச் சொல்லும். இரண்டு மாற்றங்களையும் அந்த மொழிக்காரர்கள் செய்வது போலச் செய்ய வரும்வரை இருக்க வேண்டும். ரூபியில் எழுதிய நிரல் இன்னும் ஜாவா மாதிரியே தெரிந்தால் ஊர் மாறவில்லை என்று பொருள். அந்த மொழியில் பேர்பெற்ற ஒருவர் எழுதிய நூலகத்தின் மூல நிரலைத் திறந்து வாசிப்பது இதற்கு நல்ல மருந்து. ஃபாரோவில் இது மிகவும் சுலபம், ட்ரூவும் ஃபால்ஸும் உட்பட எல்லாமே திறந்து கிடக்கின்றன.

அது முடிந்ததும் பழைய ஜாவா புராஜெக்டுக்குத் திரும்பி, ‘இன்ஸ்டன்ஸ்ஆஃப்’ என்று தேடிப் பாருங்கள். வகையைக் கேட்டுக் கேட்டுப் பிரியும் இடங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும், இந்தக் கேள்வியைக் கேட்பவரிடமிருந்து எடுத்து, பதில் தெரிந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே வைத்துவிட முடியுமா என்று பாருங்கள். கட்டணம் கணக்கிடும் பக்கத்தில் பெரும்பாலும் முடியும். அறிக்கைகள் இருக்கும் பக்கத்தில் முடியாது. அங்கே சீல்டு வகைகளும் புதிய சுவிட்சும்தான் சரி.